பக்கவாதம்: வீடு திரும்பிய பிறகு செய்ய வேண்டியவை

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வு நிகழ்ச்சியில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

பக்கவாதம் வராமல் காத்துக்கொள்வது பற்றி நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். இயன்முறை மருத்துவம் எனப்படும் பிசியோதெரபித் துறையில் பணியாற்றும் நாங்கள் அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம். நோயாளி உயிர் பிழைத்து வீடு திரும்புகிறார். உறவினர் கூடி நலம் விசாரிக்கின்றனர். "இனி ஓய்வுதான் வேண்டும்" என்று கட்டிலை விரித்துப் படுக்க வைக்கின்றனர். சிகிச்சை முடிந்துவிட்டதாக வீட்டார் எண்ணும் அந்த நாளில் சிகிச்சையின் பெரும்பகுதி இன்னும் தொடங்கவே இல்லை. இந்த ஒன்றை உங்கள் உள்ளத்தில் பதிய வைப்பதற்காகவே வந்திருக்கிறோம்.

மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ, மூளையின் ஒரு பகுதி செயலிழக்கிறது. பெரும்பாலோருக்கு நேர்வது அடைப்பே. மூளையின் வலப்பாதி உடலின் இடப்பக்கத்தையும், இடப்பாதி வலப்பக்கத்தையும் இயக்குவதால், பாதிப்பு எதிர்ப்பக்கத்தில் தெரிகிறது. கையும் காலும் தொடக்கத்தில் பழுதுபடவில்லை. அவற்றுக்கு ஆணையிடும் இடமே பழுதுபட்டிருக்கிறது. எனவே புறா இரத்தம் தடவுவதாலோ, எண்ணெயிட்டு நீவுவதாலோ கை எழுந்துவிடாது. இதமாக நீவிவிடுவதில் தவறில்லை. அதனையே சிகிச்சை என்று நம்பி நாட்களைக் கழிப்பதுதான் இழப்பு.

இறந்த மூளைச் செல்கள் திரும்புவதில்லை. ஆனால் எஞ்சிய பகுதிகள், இழந்த பணியில் ஓரளவைத் தாமே ஏற்றுக்கொள்ளும் ஆற்றல் உடையவை. குழந்தை விழுந்து விழுந்து நடை பழகுவதுபோல, நோயாளி தாமே முயன்று, ஒரே செயலை நூற்றுக்கணக்கான முறை செய்யும்போது மூளை புதிதாகக் கற்கிறது. முதல் 3 மாதங்களில் இம்முன்னேற்றம் மிக விரைவாக இருக்கும். பின்னர் வேகம் குறைந்தாலும் நின்றுவிடுவதில்லை. "ஆறு மாதம் ஆகிவிட்டது, இனிப் பயனில்லை" என்று கைவிடுவது சரியன்று.

அவசரமும் கூடாது. 5 நாடுகளில் 2,104 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் கண்ட 24 மணி நேரத்திற்குள்ளேயே கட்டிலிலிருந்து எழுப்பி மிகுதியாகப் பயிற்சி அளித்தவர்களுக்கு நன்மை குறைவாகவே கிடைத்தது. எப்போது தொடங்குவது, எவ்வளவு செய்வது என்பதை மருத்துவரும் இயன்முறை மருத்துவருமே முடிவு செய்ய வேண்டும்.

இனி, சற்றுக் கசப்பான ஒரு செய்தி. நோயாளியின் முன்னேற்றத்துக்கு வீட்டாரின் அன்பே பல வேளைகளில் தடையாகிவிடுகிறது. ஊட்டி விடுகிறார்கள், சட்டை மாட்டி விடுகிறார்கள், தண்ணீர்க் குவளையை உதட்டருகே கொண்டு செல்கிறார்கள். வளைகுடா நாடுகளில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்பி ஓர் உதவியாளரை நியமிக்க, அவரும் எல்லாவற்றையும் தாமே செய்து முடிக்கிறார். பயன்படுத்தாத கையை மூளை மெல்ல மறந்துவிடுகிறது. 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நோய் கண்டு 3 முதல் 9 மாதங்கள் ஆன, மணிக்கட்டையும் விரல்களையும் சிறிதளவேனும் நீட்ட முடிந்த 222 பேர் கலந்துகொண்டனர். அவர்களில் ஒரு பிரிவினருக்கு நல்ல கையில் உறை அணிவித்து, விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியிலும் பாதிக்கப்பட்ட கையையே பயன்படுத்தச் செய்தனர். 2 வாரப் பயிற்சியில் கிடைத்த முன்னேற்றம் ஓராண்டு கழித்தும் நிலைத்திருந்தது. இதனை நாமாக வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்; அதன் பாடத்தை மட்டும் கொள்வோம். ஒரு கவளத்தை அவரே எடுத்து உண்ண அரைமணி நேரம் ஆனாலும் பொறுத்திருப்பதே அவருக்குச் செய்யும் பேருதவி.

வீட்டார் மனத்தில் கொள்ள வேண்டிய சிலவற்றை வரிசையாகச் சொல்கிறோம்.

1. செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தசைகள் தளர்ந்த தோள்மூட்டு எளிதில் விலகிவிடும். அந்த வலி பல மாதம் பயிற்சியைத் தடுத்துவிடும். அமரும்போது அக்கைக்குத் தலையணையால் தாங்கு கொடுங்கள்.

2. விழுங்கும் திறனைச் சோதிக்காமல் நீரோ உணவோ கொடுக்காதீர்கள். படுத்த நிலையில் கொடுக்கவே கூடாது. நுரையீரலுக்குள் சென்றால் நிமோனியா வரும்.

3. படுத்தே இருப்பவரை 2 மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். படுக்கைப் புண்ணைத் தடுக்கலாம்.

4. சட்டை அணியும்போது பாதித்த கை முதலில். கழற்றும்போது அது கடைசியில்.

5. ஊன்றுகோல் நல்ல கையில் இருக்கட்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது பாதித்த கால் முதலில்.

6. சுவரோரம் அசையாத நாற்காலியிட்டு, அருகில் ஒருவர் நிற்க, அமர்ந்து எழும் பயிற்சியைச் செய்யச் சொல்லுங்கள். கழிப்பறைக்குத் தாமே சென்று வர இதுவே அடித்தளம்.

7. விரல்கள் மடங்கி இறுகும் கையில் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொல்வதை நாங்கள் விரும்புவதில்லை. அக்கைக்கு மடக்கும் பழக்கம் ஏற்கெனவே மிகுதி. நீட்டவும் பிடித்ததை விடவுமே அது கற்க வேண்டும்.

கைகால்களோடு நோய் நின்றுவிடுவதில்லை. இடப்பக்க மூளை பாதித்தால் பலருக்குப் பேச்சு தடைபடும். பேச இயலாதவரெல்லாம் விளங்கிக்கொள்ளவும் இயலாதவர் என்று எண்ணி, அவர் முன்னிலையிலேயே செலவுக் கணக்கையும் சொத்துப் பிரிவினையையும் பேசுவது எத்துணைக் கொடுமை! பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு உண்டாகிறது. அவர் பயிற்சிக்கு மறுத்தால் சோம்பல் என்று கடிந்துகொள்ளாதீர்கள்; மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கும் சிகிச்சை உண்டு.

தாய்மார்களுக்குத் தனியே ஒரு சொல். பெண் நோயாளிகள் வீட்டை விட்டு வெளியே வரத் தயங்குவதால் மாதக்கணக்கில் பயிற்சியின்றி இருந்துவிடுகின்றனர். பெண் இயன்முறை மருத்துவர்கள் இன்று எங்கும் உள்ளனர், கேட்டுப் பெறுங்கள். நோயாளியைத் தூக்கித் தூக்கி முதுகுவலிக்கு ஆளாகும் மனைவியரும் மருமக்களும் பலர். தூக்காமல் எழுப்பும் முறையையும் எங்களிடமே கற்றுக்கொள்ளலாம்.

"அப்படியானால் வீட்டாரே எல்லாவற்றையும் கற்றுச் செய்துவிடலாமே" என்று சிலர் கேட்பர். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு இக்கேள்வியே ஆராயப்பட்டு, 2017இல் முடிவு வெளியானது. வழக்கமான சிகிச்சையுடன் குடும்பத்தினருக்கும் பயிற்சி தந்து வீட்டிலேயே செய்யச் சொன்னபோது, 6 மாதங்களின் முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வீட்டாரின் உழைப்பு வீண் என்று இதற்குப் பொருளில்லை. ஒருமுறை கற்றது போதாது. பயிற்சி பெற்றவர் தொடர்ந்து கண்காணித்து, நோயாளியின் நிலைக்கேற்ப மாற்றிக்கொண்டே வர வேண்டும் என்பதே நாங்கள் கொள்ளும் பாடம். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் இல்லம் தேடி வரும் சேவைகளுள் ஒன்றாகும். வசதி குறைந்த குடும்பங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதுபற்றிக் கேட்டறியலாம்.

ஜமாஅத் செய்யக்கூடியதும் உண்டு. எங்களிடம் வரும் பெரியவர்களிடம் "எதற்காக நடக்க விரும்புகிறீர்கள்?" என்று கேட்டால், "ஜும்ஆவுக்குப் பள்ளிக்குப் போக வேண்டும்" என்று சொல்பவர் பலர். நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழலாம் என்ற சலுகை இருந்தும், பிறர் பார்வைக்குக் கூசி வீட்டிலேயே முடங்கிவிடுகின்றனர். ஒளுச் செய்யும் இடத்தில் ஒரு கைப்பிடி, வழுக்காத தரை, வாசலில் ஒரு சாய்தளம், வரிசையின் ஓரத்தில் சில நாற்காலிகள் இருந்தால் போதும், அவர் வந்துவிடுவார். ஒரு வீட்டில் பயன் முடிந்த வாக்கரும் சக்கர நாற்காலியும் பரணில் கிடக்கின்றன. அவற்றைத் திரட்டி இரவல் கொடுக்க ஓர் ஏற்பாடு செய்யுங்கள். அழைத்து வருவதற்குத் தெருவுக்கு ஓர் இளைஞர் பொறுப்பேற்கட்டும்.

நிறைவாக ஓர் எச்சரிக்கை. ஒருமுறை வந்தவருக்கு மீண்டும் வரக்கூடும். கை சற்று எழுந்ததும் இரத்த அழுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாதீர்கள். வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்திற்குள் போட்டாக வேண்டும்.

உங்கள் தெருவில் இப்போது யாரேனும் கட்டிலில் படுத்திருந்தால், நலம் விசாரித்துத் திரும்பிவிடாமல், "இன்று எத்தனை முறை எழுந்து அமர்ந்தீர்கள்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை யாராவது தம்மிடம் கேட்க மாட்டார்களா என்று அவர் காத்திருக்கக்கூடும்.