‘நடப்பான்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இல்லப் பராமரிப்பு மானியம் கேட்டு, ‘தகுதியில்லை’ என்று கடிதம் வந்தால் தாய் மனம் உடைந்துபோகும். சிங்கப்பூரில் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பான ஏஐசி வழங்கும் இந்த மானியம் 2019 அக்டோபரில் மாதம் 200 வெள்ளியாகத் தொடங்கியது.

இதைப் பெற, குளித்தல், உடுத்தல், உண்ணல், கழிவறை செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் மூன்றுக்காவது எப்போதும் உதவி தேவைப்பட வேண்டும். இங்கேதான் சிக்கல். ‘பையன் நடப்பானா?’ என்றால், ‘நடப்பான்’ என்கிறோம். சிராங்கூன் சாலையில் கையை விட்டால் பேருந்துக்கு முன்னால் ஓடிவிடுவான் என்பதைச் சொல்வதில்லை. சட்டையைத் தலைவழி மாட்டிவிட்டு, ‘கையை விடு கண்ணு’ என்று ஒவ்வொரு கைக்கும் சொல்லித்தான் உடுத்துகிறோம். அதையும் சொல்வதில்லை. பிள்ளையைக் குறைத்துப் பேச எந்தத் தாய்க்கு வாய் வரும்?

ஒரு வாரம் நடப்பதையெல்லாம் அப்படியே எழுதிவையுங்கள். பள்ளி ஆசிரியர், சிகிச்சையாளர் கடிதத்தையும் இணைத்து, மறுபடி பரிசீலிக்கக் கேளுங்கள்.

வீட்டில் பணிப்பெண் இருந்தால் இன்னொன்று: மாதத் தீர்வையை 60 வெள்ளியாகக் குறைக்கும் சலுகைக்கு, ஆறில் ஒன்றுக்கு உதவி தேவை என மருத்துவர் சான்றளித்தாலே விண்ணப்பிக்கலாம்.