முகம் காணாத நட்புக்கு வீட்டில் ஓர் இலை



பாராமல் வளர்ந்த நட்பு என்று சொல்ல வாயெடுத்தாலே தமிழ் மேடைக்குப் பிசிராந்தையார் வந்துவிடுவார். வரட்டும். கோப்பெருஞ்சோழன் உறையூரில், ஆந்தையார் நம் பாண்டி நாட்டுப் பிசிரில்; ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. சோழன் உண்ணாமல் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது ஆந்தையார் தேடி வந்து, அவனுக்காக உயிரையும் விட்டார். இதை எத்தனையோ மேடையில் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. வயதாகியும் ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு ஆந்தையார் தம் பாட்டில் முதலில் சொன்ன காரணமே மனைவியும் மக்களும்தான். அந்த மனைவியும் மக்களும் சோழனைக் கண்டதாகப் பாட்டில் இல்லை. சோழனோ பெற்ற பிள்ளைகளோடு பகைத்துக்கொண்டு, அந்த வேதனையில் வடக்கிருந்தவன். அவ்வளவு பெரிய நட்பு இரண்டு ஆண்களோடு முடிந்துபோயிற்று. ஒரு வீட்டார் மறுவீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை.

நம் ஒட்டப்பிடாரத்துக்காரர் ஒருவரின் கதை அப்படி முடியவில்லை. 1906இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சிதம்பரனார், 1908இல் சிறைக்குப் போய், 1912 கடைசியில் வெளியே வந்தார். கப்பல் இல்லை, வக்கீல் தொழில் செய்ய உரிமம் இல்லை, கையில் காசும் இல்லை. அப்போது அவருக்குக் கைகொடுத்தவர்களில் தென்னாப்பிரிக்கத் தமிழர்களும் உண்டு. கடல் கடந்து பிழைக்கப் போன அந்த எளிய மக்களில் எத்தனை பேர் அவர் முகத்தைப் பார்த்திருப்பார்கள்? அவர்கள் திரட்டிய பணத்தில் 347 ரூபாய் 12 அணா காந்தியடிகள் வழியாக 1916இல் வந்து சேர்ந்தது. அங்கிருந்து உதவிய இன்னொருவர் வேதியப்பிள்ளை. அந்த நன்றிக்காகத் தம் மகளுக்கு வேதவல்லி என்று பெயர் வைத்தார் சிதம்பரனார். வக்கீல் உரிமம் திரும்பக் கிடைக்க உதவிய வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதிக்காக ஒரு மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர். தமக்கு வந்த நட்பை அவர் பெட்டியில் பூட்டிவைக்கவில்லை. அது அவர் வீட்டுத் தொட்டில்வரை போனது.

அன்பர்களே, முகம் காணாத நட்பு அன்று கடிதத்தில் வளர்ந்தது; இன்று கடிதத்தின் இடத்தில் கைபேசி இருக்கிறது. என் மனைவிக்கு முகநூலில் ஒரு சமையல் குழுவில் கொழும்புச் சகோதரி ஒருவர் பழக்கமானார். பழக்கம் தொடங்கியதே வழக்கில்தான். சொதிக்குப் பாசிப்பருப்பு போடுவதா, கூடாதா? நம் பக்கத்துச் சொதியில் பருப்பும் காய்கறியும் உண்டு, சோற்றுக்கு ஊற்றி இஞ்சித் துவையலோடு சாப்பிடுவோம். அவர்கள் சொதி தண்ணீராக இருக்கும், இடியாப்பத்துக்கு. நாளடைவில் பேச்சு சொதியை விட்டுப் பிள்ளைகள் படிப்புக்கும் மாமியாரின் சர்க்கரை நோய்க்கும் போயிற்று.

தூத்துக்குடிப் பனிமயமாதா திருவிழாவுக்கு அவர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். 2011இல் இங்கிருந்து கொழும்புக்கு விட்ட கப்பல் சில மாதத்தில் நின்றுபோனதால், மதுரைக்கு விமானத்தில் வந்து அங்கிருந்து வண்டியில் வந்தார்கள். பெண்கள் இருவரும் வாசலிலேயே கட்டிக்கொண்டார்கள். ஆண்கள் நாங்கள்தான் என்ன பேசுவதென்று தெரியாமல் விழித்தோம். பிறகு அந்தச் சகோதரியின் கணவர் மெல்லக் கேட்டார், "தட்டப்பாறை இங்கேயா இருக்கு?" என்று. இங்கேதான், தூத்துக்குடிப் பக்கத்து நம் புதுக்கோட்டைக்கு அருகில்தான். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலியாட்களைத் தங்கவைத்து, நோய் பார்த்து, கப்பலேற்றிய முகாம் அங்கே இருந்தது. அவருடைய பாட்டனார் அந்த வழியாகப் போனவர். மறுநாள் காலை அவரை அங்கே கூட்டிப் போனேன். வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மத்தியானம் எங்கள் வீட்டில் சொதிச் சாப்பாடு. கல்யாணத்துக்கு மறுநாள் இரண்டு வீட்டாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு அது என்று என் மனைவி சொன்னபோது, அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது.

இதைச் சொல்லிவிட்டு, உங்கள் மனதில் ஓடுவதைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையானவன் அல்ல. ஏமாற்றுக்காரர்கள் இருக்கிறார்கள். நட்பு என்று வந்து பணம் கேட்பவன் இருக்கிறான், படத்தை வைத்து மிரட்டுபவன் இருக்கிறான். பணம் பறிபோனால் அந்த நிமிடமே இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அடியுங்கள், வெட்கப்பட்டுத் தாமதிக்காதீர்கள். முதல் சந்திப்பை நாலு பேர் இருக்கும் இடத்தில் வையுங்கள், தனியாகப் போகாதீர்கள். ஆனால் இதையும் யோசியுங்கள்: ஏமாற்றுபவன் குடும்பத்தை அழைத்து வருவதில்லை. "உன் வீட்டில் சொல்லாதே" என்பதுதான் அவன் முதல் பேச்சு. வீட்டார் வீட்டாரைப் பார்ப்பதைவிட நல்ல காவல் எனக்குத் தெரியவில்லை.

இங்கேதான் அப்பாமார்களிடம் எனக்கு வழக்கு இருக்கிறது. மகன் கைபேசியில் பழகிய நண்பன் கோயம்புத்தூரிலிருந்து வந்தால் கறி எடுத்துச் சமைக்கிறோம். மகள் தன் தோழியைப் பற்றிச் சொன்னால் கைபேசியைப் பிடுங்கி ஆராய்கிறோம். மருமகளுக்கோ தோழி என்று ஒருத்தி இருக்கலாம் என்பதே நினைவில்லை. பிறந்த ஊரை விட்டு, கூடப் படித்தவர்களை விட்டு வந்தவள் அவள். அந்தச் சின்னத் திரையில்தான் அவளுக்குப் பேச்சுத்துணை. ஒளித்துப் பேசும்படி நாம் வைத்தால், ஆபத்து வரும் பாதையை நாமே திறந்துவைக்கிறோம். "யாரும்மா அது? நானும் ஒரு வார்த்தை பேசுகிறேன், லீவுக்கு வரச் சொல்" என்று கேட்க நமக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

மன்றச் செயலாளருக்கு ஒரு வேண்டுகோள். செப்டம்பர் 5 சிதம்பரனார் பிறந்தநாள். அன்று நாம் மாலை போடுகிறோம், பேசுகிறோம், கலைகிறோம். வருகிற ஆண்டு ஒரு வேளைச் சாப்பாடும் வையுங்கள். ஊர்க்காரர் ஒவ்வொருவரும், கைபேசியில் மட்டுமே பார்த்த ஒரு நட்பை அவர் வீட்டாரோடு அழைத்து வரட்டும். பந்தல் செலவை என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள். தங்க இடமில்லாதவர்களுக்கு எங்கள் வீட்டு மாடி இருக்கிறது. இரண்டு குடும்பம் தாராளமாகப் படுக்கலாம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள், பெண்கள் முதலில் வாருங்கள், நான் இந்த மேடைப் பக்கத்திலேயே நோட்டோடு நிற்கிறேன்.