திரையில் வந்த தொழிலாளி
(அரக்கோணத்தில் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சங்க மேடையில் சினிமாவைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24. இன்றும் உழைப்பாளிகளின் வீடுகளில் அவர் படம் தொங்குகிறது. இது ஏன் என்று அறியாமல் நாம் மக்களிடம் பேச முடியாது.

வறுமையால் சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர் அவர். 1936ல் சதிலீலாவதியில் சிறு வேடம். கதாநாயகனாக 1947ல் ராஜகுமாரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு வாளேந்தினார். ஹாலிவுட்டில் எரால் பிளின் 1938ல் ராபின் ஹூட்டாக வந்தார். இங்கே 1954ல் மலைக்கள்ளன் வந்தான். ராஜா கதைகள் ஓய்ந்ததும் உடை மாறியது. 1964ல் தொழிலாளி, அதே ஆண்டில் படகோட்டி, 1967ல் விவசாயி, 1971ல் ரிக்‌ஷாக்காரன். ரிக்‌ஷாக்காரனுக்குத் தேசிய விருதும் கிடைத்தது.

அந்த வேடத்துக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. குடிக்க மாட்டான், புகைக்க மாட்டான், தாய் சொல்லைத் தட்ட மாட்டான், எந்தப் பணக்காரன் முன்னும் கைகட்டி நிற்க மாட்டான். அதுவரை கூலிக்காரன் பெரும்பாலும் திரையின் ஓரத்தில் நின்றவன், சிரிப்புக்கு உரியவன். அவன் நடுவில் நிமிர்ந்து நின்றபோது தரை டிக்கெட்டில் இருந்தவன் தன்னையே கண்டான். இதைக் கேலி செய்கிறவர்கள் மக்களை அறியாதவர்கள். மானத்தோடு வாழ வேண்டும் என்ற ஆசை பொய்யல்ல.

ஆனால் அந்தப் படங்களில் அநியாயம் எப்படி ஒழிகிறது? பெரும்பாலும் ஒரு மனிதனின் கைமுட்டியால்! நம்பியார் திருந்தினால் அல்லது சிறைக்குப் போனால் ஊரே சுகப்படுகிறது. நடப்பு அப்படியா, தோழர்களே? ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் ஆலை முதலாளி இனிமையாகப் பேசுகிறவராகவே இருக்கலாம். அதனால் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்பவனின் கை புண்ணாகாமல் இருக்கிறதா? கையுறை வேண்டும், பூட்ஸ் வேண்டும், கூலி உயர வேண்டும். இவற்றைச் சண்டைக் காட்சி தராது; கூடிக் கேட்டால்தான் கிடைக்கும்.

நம்முடையது ரயில்வே ஊர். 1974 மே மாதத்தில் நாடெங்கும் ரயில்வே தொழிலாளர்கள் 20 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கே ஒருவர் எல்லோருக்காகவும் சண்டை போடவில்லை. லட்சக்கணக்கானோர் ஒருவருக்கொருவர் தோள் கொடுத்தார்கள்.

1977ல் அவர் முதலமைச்சரானார். 1982ல் வந்த சத்துணவுத் திட்டம் ஏழைக் குழந்தைகளுக்குச் சோறு போட்டது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் திரையில் ஒரு சொட்டும் தொடாதவரின் ஆட்சியிலேதான் 1981ல் சாராயக் கடைகளும் கள்ளுக் கடைகளும் திறக்கப்பட்டன. 1983ல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. தொழிலாளியின் உடை போட்டுக்கொண்டவர் ஆட்சிக்கு வந்ததும் தொழிலாளியின் கூலி சாராயக் கடைக்குப் போவது நின்றுவிடவில்லை.

எனவே இளம் தோழர்களுக்கு ஒன்று சொல்வோம். படம் பாருங்கள், விசிலும் அடியுங்கள். நாளை வேறொரு நடிகர் நம் உடையைப் போட்டுக்கொண்டு வருவார், அவரையும் ரசியுங்கள். ஆனால் உங்கள் ஆலையில் ஒருவனை வேலையை விட்டு நிறுத்தினால், அவனுக்காக வாசலில் வந்து நிற்க வேண்டியவர் அந்த நடிகரல்ல, நீங்கள்தான்.