விவசாயியும் நித்திரையும்
(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விதை, உரம், கடன், விற்பனை ஆகிய விஷயங்களைப் பற்றி நம் சங்கத்தில் அடிக்கடி பேசுகிறோம். இவற்றையெல்லாம் கையாளும் மனிதனுடைய தேகத்தைப் பற்றிப் பேசுவது அபூர்வம். ஆகையால் இன்று நித்திரையைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

தஞ்சைத் தரணியில் விவசாயியின் இரவு பல வழிகளிலும் குறைந்துபோகிறது. மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். நீர் குறைந்த வருஷங்களில் முறை வைத்தே தண்ணீர் விடுகிறார்கள். முறை நடுநிசியில் வந்தாலும் மண்வெட்டியுடன் மடைக்குப் போயே தீரவேண்டும். கடைமடைக்காரர் பாடு இன்னும் கஷ்டம். அறுவடைக்குப் பின், கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டு நாட்கணக்கில் காவல் இருக்க நேர்வதும் உண்டு. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் குறுவை நெல்லை மூடிக் காக்க இரவெல்லாம் விழிக்க வேண்டும். பெண்களோ, விடியுமுன் அடுப்பு வேலையை முடித்துக்கொண்டு நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறார்கள்.

வயது வந்தோருக்கு இரவில் 7 மணி நேரத்துக்குக் குறையாத நித்திரை வேண்டும். 6 முதல் 12 வயதுள்ள பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். தூங்கும்போது தேகம் சும்மா இருப்பதாக எண்ணலாகாது. அப்பொழுது ரத்த அழுத்தம் தணிகிறது. பகலில் கற்றவற்றை மூளை பதியவைத்துக்கொள்கிறது. 1999-ஆம் வருஷம் வெளியான ஒரு பரிசோதனையில், ஆரோக்கியமுள்ள வாலிபர் 11 பேரை ஆறு இரவுகள் 4 மணி நேரம் மட்டுமே படுக்க விட்டார்கள். சர்க்கரையைச் சமாளிக்கும் சக்தி அவர்கள் தேகத்தில் குன்றிவிட்டது. நெடுநாள் குறைவாகத் தூங்குவோரிடம் நீரிழிவும், ரத்தக் கொதிப்பும், இருதய நோயும் அதிகமாகக் காணப்படுகின்றன.

வியாதி மெதுவாக வரும். விபத்து உடனே வரும். 17 மணி நேரம் விழித்திருப்பவன், 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவனைப் போலத் தடுமாறுகிறான் என்று 1997-ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. நம் நாட்டில் வண்டி ஓட்டுவோருக்குச் சட்டம் விதித்த எல்லை 30 மில்லிகிராம்தான். விடியற்காலை 4 மணிக்கு எழுந்தவர், இரவு 9 மணிக்கு நெல் மூட்டையேற்றிய டிராக்டரை ஓட்டினால், ஒரு துளியும் குடிக்காமலே அந்த நிலையை அடைந்துவிடுகிறார்.

படுக்கையில் கிடந்தால் மட்டும் போதுமா? போதாது. சென்னையில் ஏழை உழைப்பாளிகள் 452 பேரிடம் நடந்த ஆராய்ச்சி 2021-ல் வெளியாயிற்று. அவர்கள் சுமார் 8 மணி நேரம் படுத்திருந்தும், தூங்கியது 5½ மணி நேரமே. புழுக்கமும், சத்தமும், கொசுவும் தூக்கத்தை இடையிடையே கலைத்தன. இரவில் இன்னும் அரைமணி தூங்கச் செய்தும் வேலையில் முன்னேற்றம் தெரியவில்லை. ஆனால் பகலில் அரைமணி நேரம் அமைதியாகக் கண்ணயர்ந்தவர்களுக்கு வேலையும் தேறிற்று, மனமும் தெளிந்தது. பகல் தூக்கம் சோம்பேறித்தனம் என்று பழிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி நாம் செய்யக்கூடியவை யாவை? முதலாவது, தனித்தனியே விழிப்பதை விட்டுக் கூட்டாக விழிக்க வேண்டும். நெற்குவியலைப் பத்துப் பேர் தனித்தனியே காத்தால் பத்துப் பேரும் தூக்கமிழக்கிறார்கள். இரவுக்கு இருவர் என்று முறை வைத்தால் எட்டுப் பேர் தூங்கலாம்; ஒருவருக்கு ஐந்து இரவில் ஓர் இரவுதான் விழிப்பு. மடைக் காவலுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும். இரண்டாவது, இரவு விழித்தவர் மறுநாள் உச்சி வெயிலில் அரைமணி கண்ணயர வேண்டும். அன்று அவரை வண்டி ஓட்ட விடலாகாது. மூன்றாவது, கட்டிலும் கொசுவலையும் வாங்குவதை வீண் செலவென்று எண்ண வேண்டாம். தரையில் தூங்குவோரைக் கட்டுவிரியன் தீண்டினால் வலிகூடத் தெரியாமல் போகலாம். வலையின் ஓரத்தைப் படுக்கையின் கீழ் நன்றாகச் செருகினால் கொசுவும் பாம்பும் அணுகா. நான்காவது, மாலைக்குப் பின் காப்பி, தேநீரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். படுக்கையில் கைப்பேசி கூடாது. தூக்கத்துக்காக மது அருந்துவதும் தவறு. பின்னிரவில் அது தூக்கத்தைக் கெடுக்கும். உரத்த குறட்டையும் பகலில் ஓயாத தூக்கமும் உள்ளவர் ஆரம்ப சுகாதார நிலையத்து வைத்தியரிடம் காட்டிக்கொள்ள வேண்டும்.

கடனுக்காகவும் விற்பனைக்காகவும் ஒன்றுகூடிய நாம், காவலுக்காகவும் ஒன்றுகூடுவது கடினமன்று. அதற்கு மூலதனம் வேண்டியதில்லை. ஒருவரையொருவர் நம்பினால் போதும். அறுவடை தொடங்குமுன் கூடும் அடுத்த கூட்டத்திலேயே காவல் முறைப் பட்டியலை எழுதி, சங்கக் கட்டடத்தின் சுவரில் ஒட்டிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.