உடல்நலம் வளர்க்கும் சமூக ஊடகம் எவ்வாறு அமைய வேண்டும்?

(கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

மக்களை நல்வாழ்வுப் பழக்கங்களுக்கு ஊக்குவிக்கும் ஒரு வசதியைச் சமூக ஊடகத்தில் எவ்வாறு வடிவமைப்பது என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளார்கள். பள்ளித் தலைமையாசிரியனுக்கு இப்பொருள் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நல்ல பழக்கங்களை உருவாக்குவது பள்ளியின் பணி. இன்று அப்பணியில் பெரும் பங்கைக் கைப்பேசி தன்வசம் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே அதன் உள்ளமைப்பை ஆராய்வது ஆசிரியனுக்கும் கடமையாகிறது.

இதன் தேவையை ஓர் எண்ணிக்கையால் விளக்குகிறேன். ஐ.சி.எம்.ஆர். நிறுவனத்தின் ஆதரவுடன் நடைபெற்று 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு நோயுடன் வாழ்கின்றனர் என மதிப்பிட்டது. மேலும் 13 கோடிக்கும் மேற்பட்டோர் அந்நோயின் வாயிலில் நிற்கின்றனர். இது செல்வர்களின் நோய் என்று சொல்லிய காலம் மலையேறிவிட்டது. கூலி வேலை செய்பவர் மருத்துவமனைக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலியை இழக்கிறார். எனவே வருமுன் காத்தல் என்பது நம் குடும்பங்களுக்குப் பொருளாதாரப் பாதுகாப்பும் ஆகும்.

சமூக ஊடகங்கள் இதற்கு உதவுமா? அவற்றின் இயல்பை முதலில் உணர வேண்டும். 2006ஆம் ஆண்டில் அசா ராஸ்கின் என்னும் வடிவமைப்பாளர், பக்கம் முடியாமல் கீழே ஓடிக்கொண்டே இருக்கும் முறையை உருவாக்கினார். அதன் விளைவைக் கண்டு பின்னாளில் அவரே வருந்தினார். 2009ஆம் ஆண்டில் முகநூல் ‘லைக்’ பொத்தானைக் கொண்டுவந்தது. இந்நிறுவனங்களின் வருவாய் பெரும்பாலும் விளம்பரத்திலிருந்து வருகிறது. நாம் திரையில் செலவிடும் நேரமே அவர்களின் சரக்கு. நடையும் விளையாட்டும் உறக்கமுமோ திரைக்கு வெளியே இருப்பவை. ஆதலால், உடல்நலத்திற்கென ஒரு வசதி அமைக்கப்படுமானால், அது நம்மை எவ்வளவு விரைவில் திரையிலிருந்து விடுவித்து அனுப்புகிறது என்பதே அதன் முதல் உரைகல்லாகும்.

அவ்வாறு அமைந்த ஒரு முயற்சி உண்டு. 2012ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாளன்று, தாம் உடல் உறுப்புக் கொடையாளர் என்பதை நண்பர்களுக்கு அறிவிக்கும் வசதியை அமெரிக்காவில் முகநூல் ஏற்படுத்தியது. அதைக் கண்ட நண்பர், அங்கிருந்தே தம் மாநிலத்தின் அதிகாரபூர்வப் பதிவேட்டிற்குச் செல்லலாம். அதற்கு முன் நாளொன்றுக்குச் சராசரியாக 616 பேர் இணையவழி பதிவு செய்துவந்தனர். வசதி தொடங்கிய நாளில் 13,054 பேர் பதிவு செய்தனர். கேட்டது ஒரே செயல்; கேட்டவர் அறிந்த நண்பர்; செயல் முடியும் இடமோ ஊடகத்திற்கு வெளியே. இம்மூன்றும் சேர்ந்ததால் பயன் விளைந்தது. ஆயினும் அடுத்தடுத்த நாள்களில் அவ்வேகம் தணிந்தது. ஒரு முறை செய்யும் செயலுக்கு ஒரு நாள் எழுச்சி போதும். நாள்தோறும் செய்ய வேண்டிய பழக்கத்திற்கு அது போதாது.

பழக்கம் எவ்வழியாகப் பரவுகிறது? டாமன் சென்டோலா என்னும் சமூகவியலாளர் 1,528 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தி, 2010ஆம் ஆண்டில் அதன் முடிவை வெளியிட்டார். நெருங்கிப் பின்னப்பட்ட சிறு வட்டங்களில் ஒருவகையினரையும், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய தொடர்புகளில் மற்றொரு வகையினரையும் அமைத்தார். அவர் முன்வைத்த நலப் பழக்கம் நெருங்கிய வட்டங்களில் ஏறத்தாழ 54 விழுக்காட்டினரையும், சிதறிய தொடர்புகளில் 38 விழுக்காட்டினரையும் எட்டியது. செய்தி எங்கிருந்து வந்தாலும் பரவும். பழக்கமோ அருகிலுள்ள பலரிடம் கண்ட பின்னரே பற்றிக்கொள்கிறது. பத்து இலட்சம் பேர் பின்தொடரும் திரை நட்சத்திரம் சொல்வதைக் காட்டிலும், ஒரே தெருவிலுள்ள எட்டுப் பேர் கூடிச் செய்வதே வலிமையுடையது. நம் குடியிருப்புகளுக்கு இது நற்செய்தி. நெருங்கிய தெரு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இனி, எதை அளப்பது என்னும் கேள்விக்கு வருவோம். நாளொன்றுக்கு 10,000 அடி நடக்க வேண்டும் என்று கைப்பேசிகள் கூறுகின்றன. அந்த எண் மருத்துவரின் ஆய்வில் பிறந்ததன்று. 1965ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடைமானி ஒன்றிற்குப் ‘பத்தாயிரம் அடி அளவி’ என்று பொருள்படும் பெயர் சூட்டினர், அப்பெயரே இலக்காகிவிட்டது. சராசரி 72 வயதுடைய பெண்கள் 16,741 பேரை ஆராய்ந்து 2019ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட முடிவோ, நாள்தோறும் 4,400 அடி நடந்தோரிடமே இறப்பு விகிதம் குறைந்து காணப்பட்டது என்றும், 7,500 அடிக்கு மேல் அந்தப் பயன் கூடவில்லை என்றும் காட்டியது.

இதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. நாற்று நடும் பெண் பகல் முழுவதும் குனிந்து உழைக்கிறாள். அவளுடைய கைப்பேசியோ வரப்பில் துணிப்பைக்குள் கிடக்கிறது. மாலையில் அது காட்டும் எண் மிகச் சொற்பம். நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்துவிட்டுப் பூங்காவில் உலவியவரை அது வெற்றியாளர் என்று பாராட்டுகிறது. அப்பெண்ணுக்குத் தேவை மேலும் 5,000 அடியா? இரும்புச்சத்துள்ள உணவும், முதுகுக்கு ஓய்வும், போதிய உறக்கமும் அல்லவா? அதிகாலையில் தெருக் கூட்டும் தூய்மைப் பணியாளருக்கும் இது பொருந்தும். வடிவமைப்பவர் தாம் அறிந்த வாழ்க்கையையே அளக்கிறார். அவர் அறியாத உழைப்பு கணக்கில் வருவதில்லை.

ஆகவே நமக்கேற்ற வசதி எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்குச் சில நெறிகளைக் கூறுகிறேன்.

முதலாவது, வட்டம் சிறிதாக இருத்தல் வேண்டும். ஒரே தெருவைச் சேர்ந்த எட்டுப் பேர் போதும்.

இரண்டாவது, பழக்கத்தை அவரவரே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவர் நடையைத் தேர்வார். ஒருவர் இரத்த அழுத்த மாத்திரையைத் தவறாமல் உட்கொள்வதைத் தேர்வார். மற்றொருவர் மதுவைத் தொடாதிருப்பதையும், ஒரு மாணவி இரவு பத்து மணிக்குள் உறங்குவதையும் தேரலாம்.

மூன்றாவது, நாளொன்றுக்கு ஒரு கேள்வி, ஒரு குறி. அத்துடன் அவ்வசதி தானே மூடிக்கொள்ள வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெரியோருக்காகக் கேள்வி தமிழ்க் குரலில் ஒலிக்க வேண்டும்.

நான்காவது, உடல் எடையும் உருவப் படமும் பிறர் பார்வைக்கு வைக்கப்படலாகாது. நிறத்தையும் உருவத்தையும் வைத்து இழிவுபடுத்தப்பட்ட மக்கள் நாம். நலத்தின் பெயரால் அதற்கு மீண்டும் இடந்தரக் கூடாது. இத்தகவல்கள் எந்த வணிக நிறுவனத்தின் கைக்கும் போகலாகாது.

ஐந்தாவது, தவறியவரைத் தண்டிக்கலாகாது. ஒரு நாள் விட்டுப்போனால் தொடர் எண்ணிக்கையைச் சுழியாக்கிவிடும் முறை, இரவுப் பணி செய்வோரை எளிதில் மனமுடையச் செய்யும். மூன்று நாள் குறி வராவிட்டால், அவரே முன்கூட்டித் தேர்ந்தெடுத்த அண்டை வீட்டார் ஒருவருக்கு மட்டும், ‘ஒரு நடை சென்று பார்த்து வாருங்கள்’ என்று செய்தி போகட்டும். எந்திரத்தின் கடைசி வேலை, மனிதரை மனிதரிடம் அனுப்புவதாக இருக்கட்டும்.

இளைஞர்களே! இதைத் தொடங்கப் பெரும் பொருள் தேவையில்லை. நம் மாலை நேரப் படிப்பகத்தில் ஓர் அட்டையும் எட்டுப் பெயர்களும் கொண்டு எட்டு வாரம் நடத்திப் பாருங்கள். அட்டையில் வெற்றி கண்டதைக் கணினி பயிலும் மாணவர்கள் பின்னர் கைப்பேசிக்கு ஏற்றலாம். தொடக்கத்திலும் முடிவிலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளந்துகொள்ளுங்கள். மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் எதையும் நிறுத்த வேண்டா.

1907ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் ஒரு சித்த மருத்துவர். மருந்து கொடுத்த கையே இதழையும் நடத்தியது. அந்நாளில் அச்சே வலிமை மிக்க ஊடகம். பிறர் அச்சிட்டுத் தரட்டும், நாம் படித்துக்கொள்வோம் என்று அவர் காத்திருக்கவில்லை. இன்றைய ஊடகத்திலும் நாம் வெறும் பயனாளிகளாக நின்றுவிடலாகாது. எதை அளப்பது, யாரைப் பாராட்டுவது என்று முடிவு செய்யும் இருக்கையில் நம் பிள்ளைகளும் அமர வேண்டும். நாற்று நடுபவளின் முதுகுவலியை அறிந்தவர் அவ்விருக்கையில் அமரும் நாளில்தான் அவள் உழைப்பு கணக்கில் சேரும். அந்த நாளுக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்வது நம் கழகத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணியாகட்டும்.