கீமோ எடுக்கும் குழந்தைக்குக் காய்ச்சலா? விடியட்டும்னு காத்திருக்காதீங்க!



வழக்கமா இங்க பட்டா, சான்றிதழ், ரேஷன் கார்டுன்னு பேசுவோம். இன்னைக்குப் பேசப் போறது ஒரு காய்ச்சலைப் பத்தி.

குழந்தைக்கு ராத்திரி காய்ச்சல் அடிச்சா நாம என்ன செய்வோம்? பாராசிட்டமால் கொடுத்துட்டு, காலையில டாக்டர்கிட்ட போகலாம்னு இருப்போம். பெரும்பாலும் சரியாயிடும். ஆனா, புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுக்கிற குழந்தைக்கு அப்படிக் காத்திருக்கக் கூடாது.

ஏன்னா, கீமோ மருந்து புற்றுநோய் செல்லோட சேர்த்து ரத்த வெள்ளணுக்களையும் குறைச்சிடும். அதுல நியூட்ரோஃபில்ங்கிற அணுதான் பாக்டீரியாவை எதிர்க்கிற முன்வரிசைப் படை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் அது 500க்குக் கீழே போனா, கிருமி சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். சீழ் பிடிக்கக்கூட அந்த அணுக்கள் வேணும். அதனால பல நேரம் காய்ச்சல் மட்டும்தான் ஒரே அறிகுறி.

இப்போ மருத்துவமனையில என்ன நடக்குது? ரத்தம் எடுத்து 'கல்ச்சர்' பரிசோதனைக்கு அனுப்புவாங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் ஊசி போட்டுடணும்னு பார்ப்பாங்க. கல்ச்சர் முடிவு வர ஒன்றிரண்டு நாள் ஆகும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அதிலும் எந்தக் கிருமியும் தெரியாது. வந்தது வெறும் வைரஸ் காய்ச்சலாகவும் இருக்கலாம். ஆனா உறுதியாத் தெரியாததால ஆன்டிபயாடிக், அட்மிஷன் எல்லாம் தொடரும்.

இங்கதான் மரபணு ஆய்வு வருது. கிருமியைத் தேடுறதுக்குப் பதிலா, கிருமிக்கு உடம்பு என்ன பதில் சொல்லுதுன்னு பார்க்கிற முறை இது. வைரஸ் வந்தா நம்ம செல்கள் சில மரபணுக்களை முடுக்கிவிடும். பாக்டீரியா வந்தா வேற சிலதை. ரத்தத்தில் இருக்கிற ஆர்.என்.ஏ.வை அளந்தா அது தெரியும். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் தலைமையில் 2016இல் வந்த ஆய்வு, காய்ச்சலோட வந்த குழந்தைகளிடம் இதைச் சோதிச்சது. முதல்ல 38 மரபணுக் குறிகளைக் கண்டுபிடிச்சாங்க. கடைசியில இரண்டே குறிகளை வச்சு வைரஸா, பாக்டீரியாவான்னு பிரிச்சுக் காட்டினாங்க.

ஆனா ஒரு சிக்கல். அந்தப் பதில் முக்கியமா வெள்ளணுக்களில் இருந்துதான் வருது. கீமோ எடுக்கிற குழந்தைக்கு அதுவே குறைவு! இந்தக் குழந்தைகளிடமும் இது முடியுமான்னு ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் பார்த்தாங்க. முடியும்னு 2020இல் எழுதினாங்க. ஆனா அது சின்ன ஆய்வு. பெரிய அளவுல உறுதியான பிறகுதான் சிகிச்சைக்கு நம்ப முடியும்.

அப்படி வந்தாலும் முதல் ஊசியைத் தள்ளிப்போட இது உதவாது. ஆன்டிபயாடிக்கை எப்போ நிறுத்தலாம், குழந்தையை எப்போ வீட்டுக்கு அனுப்பலாம்னு முடிவெடுக்கத்தான் உதவும். குழந்தைக்குத் தேவையில்லாத மருந்து குறையும். கூட இருக்கிற அம்மா, அப்பாவுக்கு வேலை இழப்பும் குறையும்.

அதுவரைக்கும் நம்ம கையில இருக்கிறது நேரம் மட்டும்தான். அதனால, கீமோ எடுக்கிற குழந்தை இருக்கிற வீட்டில்:

• டிஜிட்டல் தெர்மாமீட்டர் எப்பவும் இருக்கட்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே உடனே சிகிச்சை தரும் மருத்துவமனைக்குப் போன் பண்ணுங்க.

• காய்ச்சல் இல்லாமலே குளிர் நடுக்கமோ, அசாதாரணச் சோர்வோ இருந்தாலும் கிளம்புங்க.

• டாக்டரைக் கேட்காம பாராசிட்டமால் வேண்டாம், காய்ச்சலை மறைச்சிடும்.

• வார்டு போன் நம்பரையும், சிகிச்சை ஃபைலின் போட்டோவையும் உங்க செல்போனில் வச்சுக்கோங்க.

• வண்டி இல்லைன்னா 108. போனதும் முதல் வார்த்தையா, "கீமோ எடுக்கிற குழந்தை, காய்ச்சல் இருக்கு"ன்னு சொல்லுங்க. டோக்கன் வரிசையில நிக்காதீங்க.

தெரிஞ்சவங்க வீட்டில் இப்படி ஒரு குழந்தை இருந்தா, இதை இன்னைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிடுங்க.