நம்ம பிள்ளையும் சட்டத்தரணி ஆகலாம்

(தோட்டப் பெற்றோர், மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அதை விசாரித்த ஆணைக்குழுவின் முன் அவருடைய மனைவிக்காக வாதாடியவர் சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா. அவர் லயத்தில் பிறந்தவரல்லர்; ஆனாலும் நமக்காக நின்றார். அந்த நன்றியை நாம் மறக்க மாட்டோம். ஆனால், எந்தக் காலமும் வெளியாள் வந்துதான் நமக்காகப் பேச வேண்டுமா?

"லோயருக்குப் படிக்க காசு வேணுமே" என்று சொல்வீர்கள். வேண்டும்தான். ஆனால் காசு கேட்கும் நாள் வருமுன்பே நம் பிள்ளைகளை வழிமறிப்பது மொழி.

கொழும்பில் 1874இல் தொடங்கிய சட்டக் கல்லூரிக்குப் போக நுழைவுப் பரீட்சை எழுத வேண்டும். அதற்கு உயர் தரத்தில் மூன்று பாடச் சித்தி வேண்டும். கலை, வர்த்தகம், விஞ்ஞானம் எதுவானாலும் சரி. சாதாரண தரத்தில் தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் திறமைச் சித்தி வேண்டும். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களிலும் சட்டம் படிக்கலாம். வேலை பார்த்துக்கொண்டே படிக்க திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது.

ஆகவே ஆங்கிலத்தை ஒன்பதாம், பத்தாம் வகுப்பிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். சிங்களத்தையும் விடாதீர்கள். வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்ற வேலை நடப்பது சிங்களத்தில். தமிழில் பேசவும் மொழிபெயர்ப்புக் கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. இருந்தாலும், மூன்று மொழியும் தெரிந்த சட்டத்தரணி நம் பக்கம் இருந்தால் அந்தப் பலமே வேறு.

சட்டப் புத்தகம் கையில் இல்லையே என்று யோசிக்காதீர்கள். வீட்டில் அம்மாவின் சம்பளச் சீட்டு இருக்கிறதே! மாதாமாதம் அதை வாசியுங்கள். எத்தனை பேர் விழுந்திருக்கிறது, என்னென்ன பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதி கிடைக்கிறது. இன்று தொழிலாளி பங்கு நூற்றுக்கு 8, தோட்டத்தின் பங்கு 12. கூட்டிப் பாருங்கள், சரியா?

பணிக்கொடைச் சட்டம் 1983இல் வந்தது. ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்து விலகும் நாட்சம்பளக்காரருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். முப்பது வருடம் கொழுந்து பறித்த பாட்டிக்கு 420 நாள் சம்பளம் வர வேண்டும். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், பாட்டி தெரியாத காகிதத்தில் கைநாட்டு வைப்பாரா? சட்டப் படிப்பு அங்கேயே தொடங்கிவிட்டது.

இன்னொன்று. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், பாடசாலையில் ஒரு பெயர் என்று இருந்தால் இப்போதே திருத்துங்கள். பரீட்சை நேரத்தில் ஓடித் திரிய முடியாது.

பெற்றோரே, உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை "சும்மாதானே இருக்கிறான்" என்று மகனைக் கொழும்புக் கடைக்கு அனுப்பாதீர்கள். மகளை வீட்டு வேலைக்கு அனுப்பாதீர்கள். கையில் நாலு காசு புழங்கியபின் பள்ளிக்குத் திரும்பும் பிள்ளைகள் கொஞ்சம். அந்த மாதங்களில் ஆங்கிலம் படிக்கட்டும். இன்னும் இரண்டு வருடம் பொறுத்து, உயர் தரம் முடிக்க விடுங்கள். வழக்கு என்று வந்தால் நம்ம பிள்ளையே எழுந்து பேசட்டும்.